சிரித்தவரின் கம்பியை வெட்டிய டார்ச் அக்காவுக்கு

வாய் திறந்த வினாடியிலேயே வாய்ப்புண்ணின் வரலாற்றை வாசித்துவிடும் வல்லமையே! விழுங்க முடியாமல் விழி பிதுங்கியோரின் விலாவைத் தாங்கிய விரல்களே! நாவில் படிந்த வெண்மையையும் நர்சுகளிடம் படிந்த சோம்பலையும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்த ஒளியே! மூக்குக் குழாயும் முகமலர்ச்சியுமாக முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் வாய், உணவுக்குழாய் வார்டைக் கட்டி ஆண்டு, இன்று பணி நிறைவு பெறும் தலைமைச் செவிலியர் அவர்களே! எங்கள் எல்லோருக்கும் டார்ச் அக்காவே! வணக்கம்.

இதே பாணியில் இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தோம். ஒத்திகையில் வாசித்துக் காட்டியபோது எங்கள் ஆயாம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அக்கா மூணாவது வரியிலயே எழுந்து போயிடும்" என்றார். உண்மைதான். தங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "பத்தாம் நம்பருக்குப் பால் குடுக்கற நேரமாச்சு" என்று தாங்கள் நழுவிவிடுவீர்கள். ஆகவே, தங்களை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, வந்திருக்கும் பெருமக்களிடம் அக்காவைப் பற்றி ஒரு கதை சொல்லப் போகிறோம். நோயாளிகளுக்கு இத்தனை நாள் சொன்னதைத் தாங்களும் இன்று கடைப்பிடிக்க வேண்டும்: நிமிர்ந்து உட்காருங்கள், அவசரப்படாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள்.

பெருமக்களே! எங்கள் வார்டுக்கு வாயில் கோளாறு உள்ளவர்கள் வருவார்கள். வாய்க்குக் கீழே வயிறு வரை போகும் குழாயில் கோளாறு உள்ளவர்களும் வருவார்கள். அக்காவின் கணக்கில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. தன் வாயில் கோளாறு இருப்பதே தெரியாமல், நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள். அவர்கள் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அக்கா சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துவிடுவார். "ஆ காட்டுங்க." லிப்ட் மெக்கானிக்கின் கன்னத்துக்குள் ஆறாத புண் ஒன்று இருப்பதை அவர் கண்டுபிடித்தது, லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோயிருந்த நேரத்தில்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர் அக்கா; அந்த மனிதர் லிப்டைச் சரிசெய்ய வந்தவர். அவரை ஆ காட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்தார்.

வேலைக்கு வரும் புது நர்ஸ் யாராக இருந்தாலும், முதல் நாள் ஒரு டம்ளர் கெட்டித் தண்ணீர் குடித்தாக வேண்டும். விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்குத் தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுப்போமே, அதுதான். பார்க்கக் கோந்து, வாயில் போட்டாலும் கோந்துதான். "இதைத்தான் அவங்களை மூணு வேளையும் குடிக்கச் சொல்றோம். ஒரு தடவை குடிச்சுப் பாரு, அப்புறம் அவங்க முகம் சுளிச்சா திட்ட மாட்டே" என்பார் அக்கா. எங்களில் ஒருத்தி அன்று மாலையே வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதினாள். மறுநாள் முகம் சுளித்த ஒரு தாத்தாவிடம் அரை மணி நேரம் கெஞ்சிக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

அக்காவின் வீட்டு நிலவரம் இன்னும் மோசம். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் சாயக் கூடாது என்பது, உணவு எதுக்களித்து மேலே வருகிற நோயாளிகளுக்கான விதி. அக்கா வீட்டில் அது குடும்பச் சட்டம். அவருடைய வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஒரு குறையும் கிடையாது. இருந்தும், கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் மத்தியானம் கண்ணயர்ந்ததே இல்லை. இன்று முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாரே, அது மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதுதான் சாப்பிட்டார்.

சரி, கதைக்கு வருவோம். கதை கட்டரைப் பற்றியது.

தாடை எலும்பு உடைந்து வருகிறவர்களுக்கு, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. பால், கஞ்சி, சாறு எல்லாம் பல்லிடுக்கு வழியாகத்தான். பேச்சுக்குச் சிலேட்டும் பலப்பமும். எல்லாம் நன்றாகத்தான் போகும். ஆனால் அவருக்குத் திடீரென்று வாந்தி வந்தாலோ, குடித்தது புரையேறினாலோ, வெளியே வர வழி இல்லை. ஆகையால் அப்படிப்பட்டவர் தலைமாட்டில் ஒரு கம்பி வெட்டும் கட்டர் எப்போதும் தொங்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள விதிதான். எங்கள் வார்டில் அது பக்தி. ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கட்டிலிலும் கட்டரைத் தூக்கிக் காட்ட வேண்டும். நோயாளி கழிப்பறைக்குப் போனால் சிவப்புக் கயிற்றில் கட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருமுறை எலக்ட்ரீஷியன் அவசரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். அவர் இறங்கி வரும்வரை அக்கா ஏணிக்கடியில் நின்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். எலக்ட்ரீஷியன் பாதி வேலையில் இறங்கி வந்துவிட்டார்.

இத்தனைக்கும், முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கட்டரைப் பயன்படுத்த நேரவில்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன் காய்கறிச் சந்தையிலிருந்து ஓர் ஏலக்காரர் வந்து சேர்ந்தார். லாரியிலிருந்து இறங்கும்போது கால் தவறித் தாடை உடைந்துவிட்டது. சந்தையின் இந்தக் கோடியில் அவர் விலை கூறினால் அந்தக் கோடியில் கேட்குமாம். அப்படிப்பட்ட குரலுக்குக் கம்பி கட்டியவர் எங்கள் தாடை சர்ஜன். கம்பியை முறுக்கி முனையை மடக்குவதில் அவருக்கு நிகர் அவர்தான். பொற்கொல்லர் வேலை போல இருக்கும். அதனால் அவருக்கு எங்களுக்குள் நகாசு டாக்டர் என்று பெயர். கட்டி முடித்ததும் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்.

ஏலக்காரரின் சம்சாரம் அந்தக் கம்பியைப் பார்த்துக் கண் கலங்கினார். "வலிக்குமேன்னு அழறீங்களா?" என்று கேட்டோம். "இல்லம்மா, இருபத்தாறு வருஷத்துல இப்பதான் நான் பேசி முடிக்கிறேன்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மாலை நாலு மணி. பார்வையாளர் நேரம். அக்கா வார்டின் மறுகோடியில் ஒரு தையல்காரருக்கு விழுங்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "மோவாயை நெஞ்சோட ஒட்டுங்க. ஒட்டிட்டு முழுங்குங்க. அண்ணாந்து பார்க்காதீங்க, மேலே ஒண்ணும் இல்லை." இந்தப் பக்கம் ஏலக்காரரைப் பார்க்க அவருடைய மச்சான், அதாவது சம்சாரத்தின் தம்பி, வந்திருந்தார். மாமா படுத்துவிட்டதால் சந்தையில் ஏலம் விடுவது இப்போது அவர் பொறுப்பு.

"மாமா, முதல் நாளே பூசணிக்காய் ஏலம். நானும் தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தனும் வாயைத் திறக்கல. சரி, சூடு புடிக்கட்டுமேன்னு நானே ஒரு விலை கேட்டேன். அப்பவும் சும்மா நிக்கறானுங்க. அதுக்கு மேல ஒண்ணு கேட்டேன். ஒரு வேகம் வந்துடுச்சு மாமா. எனக்கும் எனக்கும் கடுமையான போட்டி. கடைசியில நானே ஜெயிச்சுட்டேன்."

ஏலக்காரர் சிலேட்டை எடுத்து, "எவ்வளவு?" என்று எழுதினார்.

"பதினோரு மூட்டை. உங்க வீட்டுக் கூடத்துலதான் இறக்கியிருக்கு. எங்க அக்கா நேத்து மூட்டைக்கு நடுவுல ஒருக்களிச்சுப் படுத்துச்சு."

டார்ச் அக்கா திரும்பிப் பார்த்தது இந்தக் கணத்தில். அவர் கண்டது என்ன? ஏலக்காரரின் முகம் செக்கச்செவேல் என்றிருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இரண்டு கையும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தோள் குலுங்குகிறது. பல்லிடுக்கில் நுரை. மூக்கிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம். பக்கத்தில் மச்சான் பேயறைந்தவர் போல நிற்கிறார்.

வார்டின் கோடியிலிருந்து அந்தக் கட்டில் பதினேழு எட்டு தூரம். அக்கா எத்தனை எட்டில் வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏலக்காரரை முன்பக்கம் குனிய வைத்தார், கட்டரை உருவினார், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, நறுக் நறுக் என்று நாலு கம்பி. உறிஞ்சுகுழாயை வாயில் வைத்து உள்ளே தேடினார். ஒன்றும் இல்லை. வெறும் எச்சில்.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு ஏலக்காரரின் வாய் திறந்தது. அதிலிருந்து வந்த முதல் சொல்: "பூசணிக்கா!"

அதன் பிறகு வந்தது சிரிப்பு. வார்டே நடுங்கியது. சந்தையின் மறுகோடிக்குக் கேட்குமே, அதே குரல்.

அக்கா கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சிரிச்சீங்களா?" என்று கேட்டார். ஏலக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். "சரி. தாடையைப் பிடிச்சுக்குங்க, ஆட்டாதீங்க" என்று சொல்லிக் கட்டுத்துணியால் தாடையைத் தாங்கிக் கட்டினார். குறிப்பேட்டைத் திறந்து, நாலு மணி பன்னிரண்டு நிமிஷம், கம்பி வெட்டப்பட்டது, வெட்டியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் டார்ச்சைச் சட்டைப்பையில் வைக்கப் போனார். டார்ச் இரண்டு தடவை கீழே விழுந்தது. பொறுக்கிக் கொடுத்தது நாங்கள்.

நகாசு டாக்டருக்கு வந்த கோபத்தைக் குறை சொல்ல முடியாது. "எலும்பு இப்பதான் கூட ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல ஆட்டிவிட்டா பல் வரிசை தப்பிடும். அவர் வாயை வச்சுப் பொழைக்கிறவர்! ஒரு சிரிப்புக்கும் மூச்சடைப்புக்கும் வித்தியாசம் தெரியாதா, இத்தனை வருஷ சர்வீஸ்ல?"

"பத்து செகண்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் டாக்டர் இருக்கும். பதினோராவது செகண்ட்ல நல்லாத் தெரியும். அப்பத் தெரிஞ்சு நான் என்ன பண்றது?"

டாக்டர் அன்று மாலையே ஏலக்காரருக்கு மறுபடி கம்பி கட்டினார். போட்டோ எடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமிருந்து ஒரு தாள் வந்தது. அதில் இரண்டு வரி. முதல் வரி: நோயாளியின் நிலையை நான் தவறாகக் கணித்துவிட்டேன். இரண்டாம் வரி: இனி மருத்துவரின் அனுமதி பெறாமல் கம்பியை வெட்டமாட்டேன். அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் துணிக் கிடங்குக்கு மாற்றம். மிச்சமிருக்கும் இரண்டு வருஷமும் தலையணை உறை எண்ண வேண்டியதுதான். கூடவே டாக்டர் ஒரு மாற்று ஏற்பாடும் சொன்னார். கம்பி கட்டியவர்கள் சிரிப்பு வந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அன்று அவர்கள் வீட்டில் நடந்ததை, அக்காவின் வீட்டுக்காரர் சொல்லி அறிந்தோம்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைச்சுட்டு வா. ரெண்டு வருஷத்துல ரிட்டயராகப் போறே."

"போட்டா, அடுத்த தடவை டாக்டரைக் கூப்பிடணும்."

"கூப்பிடேன்."

"அவர் ரூம் ரெண்டு மாடி மேலே. லிப்ட்ல வந்தா நாலு நிமிஷம். படியில ஓடி வந்தா ரெண்டரை. நான் நடந்து பார்த்துட்டேன்."

"அப்போ துணிக் கிடங்குக்குப் போ. அங்கேயாவது யாரையும் வாயைத் திறக்கச் சொல்லாம நிம்மதியா இரு."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாராம். ஒரே தட்டை மூன்று தடவை.

மறுநாள் காலை அவர் தாளோடும் பேனாவோடும் மேஜையில் உட்கார்ந்தார். போட்டுவிடுவதென்று தீர்மானித்து வந்திருந்தார். அந்த வார்டை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. பேனா மூடியைக் கழற்றியும் ஆகிவிட்டது. கட்டர்களை எண்ணிக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தி, எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அப்ப இனிமே எங்களுக்கும் இதே ரூல்தானா? நான் போன் அடிச்சு டாக்டர் எடுக்கலேன்னா, நோயாளி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நிக்கணுமா?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வரிக்கு எதிரே ஒரு கோடு இழுத்தார். பேனாவை மூடினார். "முதல் வரி உண்மை, போட்டுட்டேன். ரெண்டாவது வரிக்கு நான் துணிக் கிடங்குக்குப் போறேன்" என்று சொல்லி, மேஜை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். டார்ச்சுக்கான பாட்டரி மட்டும் இருபத்திரண்டு இருந்தது.

மாற்றத்துக்கு முன் விசாரணை வைத்தாக வேண்டும்; அன்றே வைத்தார்கள். தலைமைக் கண்காணிப்பாளர் அம்மா நடுவில். ஒரு பக்கம் நகாசு டாக்டர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், சிவப்புக் கயிற்றில் கட்டர் தொங்க, புதுக் கம்பியோடு ஏலக்காரர். கதவோரம் அக்கா. பின்னால் நாங்கள். சாட்சி சொல்ல மச்சான் நின்றார்; எல்லாம் தன்னால்தான் என்ற துக்கத்தில் இரண்டு நாளாகச் சவரம்கூடச் செய்யவில்லை.

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? உள்ளபடி சொல்லுங்க" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஏலம், பூசணி, பதினோரு மூட்டை. ஒருவரும் சிரிக்கவில்லை. எழுத்தர் வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க அம்மா." மச்சான் கொஞ்சம் தயங்கினார். விசாரணையில் எதையும் மறைக்கக் கூடாதென்று அவருக்கு யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். "அந்த மூட்டையைத் தள்ளிவிடலாம்னு நேத்து அதையே மறுபடி ஏலம் விட்டேங்க."

"சரி."

"மறுபடியும் நானே எடுத்துட்டேங்க."

ஏலக்காரரின் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. ஒரு கை விலாவைப் பிடித்தது, மற்றக் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. கட்டைவிரல் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. பல்லிடுக்கில் நுரை, மூக்கில் கீச்சு. அக்கா கதவோரத்திலிருந்து பாய்ந்தார். பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார். நகாசு டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கயிற்றோடு கட்டரை இழுத்து, ஏலக்காரரைக் குனிய வைத்து, வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, தன் கையால் கட்டிய நகாசு வேலையைத் தன் கையாலேயே நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டார்.

அறை முழுக்கச் சிரிப்பு அதிர்ந்தது. ஏலக்காரரின் சிரிப்பு மட்டும்தான். மற்றவர்களுக்கு மூச்சே வரவில்லை.

கண்காணிப்பாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

டாக்டர் கையிலிருந்த கட்டரைப் பார்த்தார். "எனக்கு... மூச்சுதான் அடைக்குதுன்னு பட்டுது மேடம்."

அக்கா ஏலக்காரரின் அருகே போய், "ஆ காட்டுங்க" என்றார். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் வெட்டினதும் சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

ஏலக்காரர் தாடையைப் பிடித்திருந்த கைக்கு மேலாக டாக்டரைப் பார்த்துக் கெஞ்சினார். "ஒரு தரம் ஆச்சு, ரெண்டு தரமும் ஆச்சு டாக்டர். மூணாவது தரம் மட்டும் வேண்டாங்க. இந்த மச்சானை ஊருக்கு அனுப்பிடுங்க."

நகாசு டாக்டர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் வரியை அடித்தார், ஒரு முறைக்கு இரு முறை. முதல் வரிக்கு நேரே, அக்காவின் கையெழுத்துக்குக் கீழே, தன் கையெழுத்தைப் போட்டார். அன்று மத்தியானமே அக்காவின் இருபத்திரண்டு பாட்டரியும் இழுப்பறைக்குத் திரும்பின.

ஏலக்காரரின் தாடை இரண்டு வாரம் தாமதமாகக் கூடியது. பல் வரிசை தப்பவில்லை. "ஆறு வாரம்னு சொல்லி எட்டு வாரம் குடுத்தீங்களே" என்று அவருடைய சம்சாரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பெருமக்களே, கதை முடிந்தது. இனி மறுபடியும் அக்காவைப் பார்த்துப் பேசுகிறோம். அக்கா, நாற்காலியில் உட்காருங்கள். இன்னும் முடியவில்லை.

எங்கள் அன்புக்குரிய தலைமைச் செவிலியர் அவர்களே! தாங்கள் போட மறுத்த கையெழுத்தின் நிழலில்தான் நாங்கள் இந்த இரண்டு ஆண்டுகளும் வேலை செய்தோம். அந்த விசாரணைக்குப் பிறகு நம் வார்டில் மூன்று முறை கம்பி வெட்டப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் வெட்டியவர்கள் நாங்கள், யாரையும் கேட்கவில்லை. இரண்டு தடவை அது சிரிப்பு. திட்டு வாங்கினோம், மன்னிப்புக் கேட்டோம், டாக்டர் மறுபடி கட்டினார். ஒரு தடவை அது சிரிப்பில்லை. அந்த மனிதர் ஒரு பெயின்டர். இன்று மனைவி மக்களோடு வந்து, அதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, இந்த மடல் எப்போது முடியும், சாப்பாடு எப்போது போடுவார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவரை மேலும் காக்க வைக்க மாட்டோம். தங்களுக்கு வாய் வறளாமல் இருக்கட்டும். விழுங்கியது விழுங்கிய இடத்தில் தங்கட்டும். முப்பத்திரண்டு பல்லும் முதுமை வரை வரிசை கலையாமல் நிற்கட்டும். நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, தங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு நாளாவது மத்தியானம் நன்றாகத் தூங்குங்கள்!

என்றும் வாய் திறந்து வாழ்த்தும்,
வாய், உணவுக்குழாய் வார்டின் செவிலியர்கள், ஆயாம்மா, உதவியாளர்கள்,
தாங்கள் கேட்காமலே கையெழுத்திடும் தாடை சர்ஜன்